பர்ஸை விட்டுவிட்டு ஸ்டேப்ளரை எடுத்த திருடன்

அத்தியாயம் 6

பென்னியின் கைகளைக் கட்டிப்போட்டால் அவன் வாய் வேலை செய்யாது. கல்மண்டபம் முழுக்கத் தெரிந்த சங்கதி இது. 'ஒரு டீ' என்று சொல்வதற்கே அவனுக்கு இரண்டு கையும் வேண்டும். கடைக்காரர் தெரிந்தவராக இருந்தால் ஒரு காலும் சேர்ந்துகொள்ளும். அண்ணி ஆலிஸ் நடத்தும் துப்பறியும் நிலையத்தில் உதவியாளன், டிரைவர், டீ வாங்குபவன், வேண்டாத நேரத்தில் ஜோக் அடிப்பவன் எல்லாம் அவனேதான். சம்பளம் முதல் மூன்று வேலைக்கு மட்டும். நான்காவதை அவனாக இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கையில் கேஸ் எதுவும் இல்லை. ஆலிஸின் மகள் ஜூடி மூன்று வாரமாக நச்சரித்த நச்சரிப்பில், குடும்பமே கிளம்பித் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இருக்கும் அறிவியல் கூடத்துக்கு வந்திருந்தது. ஆலிஸின் கணவன் நெல்சனுக்குத் துறைமுகத்தில் கப்பல் இழுக்கும் டக் படகில் டியூட்டி. அதனால் ஆலிஸ், ஜூடி, மாமனார் இக்னேஷியஸ், கொழுந்தன் பென்னி என்று நாலு பேர்.

பழைய சரக்குக் கிடங்கைப் புதுப்பித்துச் செய்திருந்த கூடம் அது. வாசலிலேயே பெரிய பலகை: 'இங்கே எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கலாம்.'

"தொடாதேன்னு எழுதியிருந்தாதான் நம்ப ஜனம் தொடும்" என்றான் பென்னி. "இப்டி எழுதி வெச்சா ஒருத்தனும் தொடமாட்டான்."

"நீ இந்த மாசத்துல மூணாவது ஞாயித்துக்கிழமை இங்க வர்ற. எதைத் தொட்டுப் பார்த்த?" என்றாள் ஆலிஸ்.

பென்னி அவசரமாக ஒரு ராட்டினத்தின் விதிமுறைகளைப் படிக்கத் தொடங்கினான். அறிவியல் மீது அவனுக்குத் திடீரென்று வந்த பற்றுக்கு ஒரு பெயர் இருந்தது. நர்மதா. எர்ணாவூர்ப் பெண், இயற்பியல் பட்டதாரி, ஆறு மாத ஒப்பந்தத்தில் வழிகாட்டியாக வேலை பார்க்கிறவள். நாளைக்குத் திங்கட்கிழமை அவளை நிரந்தரமாக்கும் ஆர்டரில் கையெழுத்தாகப் போகிறது. இது பென்னிக்கு எப்படித் தெரியும் என்று ஆலிஸ் கேட்கவில்லை. துப்பறிகிறவள் எல்லாவற்றையும் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றில்லையே!

கூடத்தின் நடுவில் ஒரு கிரேன். சாத்தாங்காட்டு இரும்புக் கடைக்காரர்கள் கொடுத்த துண்டு துக்காணிகளை மணல் தொட்டியில் குவித்து, பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஒன்றரை மடங்கில் தகரக் கப்பல் ஒன்றை நிறுத்தியிருந்தார்கள். மேலே கூண்டில் ஏறி உட்கார்ந்து, நெம்புகோலை ஆட்டி, மின்காந்தத்தை இறக்கி, இரும்பைக் கவ்வி, கப்பல் வயிற்றுக்குள் போட வேண்டும். சுவிட்சை அணைத்தால் காந்தம் பிடியை விட்டுவிடும்.

"முப்பத்தி நாலு வருசம் துறைமுகத்துல கிராப் கிரேன்ல நிலக்கரி அள்ளினவன் நான். டிக்கெட் வாங்கிகினு இந்த பொம்மைல குந்தணுமா?" என்று சலித்துக்கொண்டார் இக்னேஷியஸ். சலித்துக்கொண்டே ஏறினார். ஏறியவர் முக்கால் மணி நேரமாக இறங்கவில்லை. வரிசையில் நின்ற பிள்ளைகள் வெறுத்துப்போய், முடி நிற்கவைக்கும் உருண்டையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

அந்த உருண்டைதான் அங்கே நட்சத்திரம். பளபளவென்று பெரிய அலுமினிய உருண்டை. அதன்மேல் கை வைத்தால் மின்னேற்றத்தில் தலைமுடி ஒவ்வொன்றும் தனித்தனியாக எழுந்து நிற்கும். ஆனால் நகை, சாவி எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. கழற்றி நர்மதாவின் மேசையில் உள்ள நீல நிற பிஸ்கட் டின்னில் போட வேண்டும்.

நாலு மணி சுமாருக்கு மங்கம்மா வந்தார். காசிமேட்டு மீன் வியாபாரி, குரலே எடைக்கல் மாதிரி இருக்கும். மகள் அம்முவுக்குப் புதன்கிழமை நிச்சயதார்த்தம். முந்தின நாள் வாங்கிய ஆரத்தை வீட்டில் வைக்கப் பயந்து மகள் கழுத்திலேயே மாட்டிக் கூட்டி வந்திருந்தார். அம்முவின் ஆரம், மங்கம்மாவின் நாலு வளையல் எல்லாம் டின்னுக்குள் போயின. "தாலிய மட்டும் கழட்டமாட்டேன். அவுரு கடல்ல கீறாரு" என்று உருண்டையைத் தொடாமலே விலகி நின்றுகொண்டார் மங்கம்மா.

அம்மு கை வைத்ததும் அவள் முடி எழும்பத் தொடங்கியது. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் செல்போனைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினார்கள்.

"மேடம், அங்க குந்திகினு இன்னா தெரியும்? கம்பி பக்கம் வந்து பாருங்க" என்றான் பென்னி.

"மேசையை விட்டு வரக்கூடாதுங்க" என்றாள் நர்மதா.

"மூணு அடிதானே?"

"வேணாங்க."

"மூணு அடில இன்னா ஊரா பூடும்?"

நர்மதா வந்தாள். கம்பித் தடுப்பில் சாய்ந்து இருவரும் உருண்டையைப் பார்த்தபடி நின்றார்கள். மேசை முதுகுக்குப் பின்னால். அம்முவின் முடி எழும்புவதைக் கண்டதும் பென்னிக்குத் தன்னுடைய பிரசித்தி பெற்ற பருந்துக் கதை ஞாபகம் வந்துவிட்டது. வந்தால் விடுவானா?

"நம்ப காசிமேட்ல ஏலம் வுடுற தாமோதரன் கீறாரே, தலைல டோப்பா முடி. ஒருநாள் ஏலம் சூடா போய்கினு கீது. லெஃப்ட் சைடுலேர்ந்து ஒரு பருந்து வருது" என்று இடது கையை வீசி நீட்டினான். "அப்டியே ரவுண்டு அடிச்சுகினு எறங்குது, எறங்குது" என்று விரலைக் கீழே காட்டிச் சுழற்றினான். "மீனுன்னு நென்ச்சுகினு டோப்பாவ 'கப்'புன்னு ஒரு புடி!" கை முஷ்டியானது. "மேல தூக்கிகினு பறக்குது" என்று விரல் தலைக்கு மேலே சுழன்றது. "அப்பால ரைட் சைடு போவுது, அங்க ஒரு போட்டு நிக்கிது" என்று வலது கை நீண்டது. "ஐஸ் பொட்டி தெறந்து கீது. அதுக்கு மேல வந்து..." முஷ்டி பட்டென்று விரிந்தது. "வுட்டுச்சு பாரு உள்ள!"

நர்மதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பின்னாலே கிரேன் பக்கம் 'டணார்' என்று ஒரு சத்தம். கிரேன் என்றால் சத்தம் வரும்தானே, யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

"அப்புறம்? டோப்பா கிடைச்சுதா?"

"அதான் மேடம் கதையே..." என்று பென்னி அடுத்த கட்டத்துக்குக் கையைத் தூக்கினான்.

"ஐயோ! என் டின்னு எங்கடி?"

மங்கம்மாவின் அந்தக் குரலில் அம்முவின் முடிகூட ஒரு கணம் படுத்துவிட்டது. மேசை மேல் நீல டின் இல்லை.

இரண்டே நிமிடத்தில் மேலாளர் அய்யாத்துரை வந்து சேர்ந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் பதறினால் அவருக்கு இலக்கணத் தமிழ்தான் வரும். "கதவுகளை மூடுங்கள்! ஒருவரும் வெளியே செல்லக் கூடாது!"

வாசலில் காவலாளி வெளியே போகிற ஒவ்வொரு பையையும் சோதித்துத்தான் அனுப்புவார். நாலு மணிக்குமேல் யாரும் வெளியே போகவில்லை என்று அவர் சொன்னார். எல்லோர் பையையும் பார்த்தாயிற்று. மேசைக்குக் கீழே, உருண்டைக்குப் பின்னால், கழிவறையில், எங்கும் டின் இல்லை.

"ஐந்தரை மணி வரைதான் பொறுத்திருப்பேன்" என்றார் அய்யாத்துரை. "அதற்குள் கிடைக்கவில்லையென்றால் போலீஸில் புகார். டின் நர்மதாவின் பொறுப்பு. புகாரில் அவர் பெயர்தான் போகும். நாளைய ஆர்டர் பற்றி அப்புறம் பேச வேண்டியதில்லை."

நர்மதாவின் முகத்தில் ரத்தம் இல்லை. அவள் அழக்கூட இல்லை. மணி நாலு நாற்பது.

"அண்ணி..." என்றான் பென்னி.

ஆலிஸ் ஏற்கனவே மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். துப்பறிய வருமுன் பதினோரு வருடம் துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்தவள். கப்பலோரம் நின்று இறங்குகிற மூட்டையைக் கோடு போட்டு எண்ணுவது வேலை. அங்கே கற்ற பாடத்தை அவள் இன்னும் விடவில்லை.

"போனதை எல்லாரும் எண்ணியாச்சு. மிஞ்சினதை எண்ணு" என்றாள்.

பென்னி எண்ணினான். "வெண்கல மணி ஒண்ணு. பிளாஸ்டிக் சீப்பு. பேனா. நர்மதா மேடத்தோட பர்ஸு. உள்ள ரெண்டு ஐந்நூறு ரூபா நோட்டு அப்டியே கீது."

"நர்மதா, இந்த மேசைல வேற என்னம்மா இருந்தது?"

"ஸ்டேப்ளர் மேடம். ஸ்டீல் ஸ்கேல். கத்தரிக்கோல்..." நர்மதா மேசையை அப்போதுதான் சரியாகப் பார்த்தாள். "எதையும் காணோமே!"

"பர்ஸை வுட்டுட்டு ஸ்டேப்ளரை எடுத்துகினு போய்கிறான்" என்றான் பென்னி. "அண்ணி, திருடன் ஏதோ கவர்மென்ட் ஆபீஸ்ல வேல பாக்குறவன்."

ஆலிஸ் சிரிக்கவில்லை. வெண்கல மணியைக் கையில் எடுத்தாள், வைத்தாள். மேசைமேல் ஒட்டியிருந்த இரண்டு மூன்று மணல் பருக்கைகளைச் சுண்டுவிரலால் தொட்டாள். பிறகு அண்ணாந்து மேலே பார்த்தாள். "நான் மாமாவை இறங்கச் சொல்லிட்டு வரேன்" என்று கூண்டுப் படி ஏறிப் போய்விட்டாள்.

இந்த நேரத்தில் மாமனார் நினைப்பா என்று பென்னிக்கு எரிச்சலாக வந்தது. நர்மதா ஓரமாக ஒரு பெரிய வட்டத் தட்டின் முன்னால் போய் நின்றிருந்தாள். அவன் பக்கத்தில் போனான்.

"நான் எழுந்து வந்திருக்கக் கூடாது" என்றாள் அவள். "அப்பா அனல்மின் நிலையத்துல கான்ட்ராக்டுலயே ரிட்டயர் ஆனவர். நானாவது பர்மனென்ட் ஆகணும்னு அவருக்கு. நாளைக்கு ஆர்டரை வாங்க அவரும் வரேன்னிருக்கார். அவர்கிட்ட போய் என்னன்னு சொல்வேன்?"

பென்னி சுற்றுமுற்றும் பார்த்தான். யாரும் அருகில் இல்லை. குரலைத் தாழ்த்தினான். "நீங்க கவலப்படாதீங்க. எவன் வந்தாலும் பாத்துக்கலாம். மெய்யாலுமே சொல்றேன், உங்க கண்ணுல தண்ணி வந்தா எனக்குத் தாங்காது. நான் கீறேன்."

கூடத்தின் அந்தக் கோடியில், நாற்பதடி தூரத்தில், இன்னொரு வட்டத் தட்டிலிருந்து ஜூடியின் குரல் கூவியது. "சித்தப்பா! நீ பேசறது எல்லாம் இங்க சூப்பரா கேக்குது! மங்கம்மா ஆன்ட்டியும் கேட்டாங்க!"

'கிசுகிசுத் தட்டுகள். இங்கே மெல்லப் பேசினால் அங்கே தெளிவாகக் கேட்கும்' என்று பக்கத்தில் எழுதியிருந்ததைப் பென்னி இப்போதுதான் படித்தான். மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக அவன் எதையும் படிக்கவில்லை என்பது இதிலிருந்து நிரூபணமாகிறது. அவ்வளவு கவலையிலும் நர்மதாவின் உதட்டோரம் ஒரு சிரிப்பு எட்டிப்பார்த்துவிட்டு ஓடியது.

ஆலிஸ் மேலேயிருந்து கைகாட்டி அவனைக் கூப்பிட்டாள். அவன் ஏறி வந்ததும், கூண்டுப் படியின் மேல்தட்டில் நின்றபடி தாழ்ந்த குரலில் சொன்னாள். "டின் எங்க இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு."

பென்னி வாயைத் திறந்தான்.

"கத்தாதே. மெதுவா கப்பலுக்குள்ள எட்டிப் பாரு."

மேலிருந்து பார்த்தால் தகரக் கப்பலின் வயிறு தெரிந்தது. துருப்பிடித்த துண்டுகளுக்கு மேல் நீல டின் பத்திரமாக, மூடிகூடத் திறக்காமல், உட்கார்ந்திருந்தது. அதன் மண்டையில் ஸ்டேப்ளர்.

"காந்தம்!" என்றான் பென்னி. "இரும்ப மட்டும் துன்ற திருடன்! அதான் பர்ஸு, மணி, சீப்பு எல்லாம் மிஞ்சிச்சு. அண்ணி, நீ பெரிய ஆளு. வா, போய் சொல்லிடலாம்."

"சொன்னா என்ன ஆகும் தெரியுமா? கப்பலோட பின்கதவு சாவி யார் கொத்துல இருக்கு? நர்மதா கொத்துல. ஜனங்களுக்குக் கூடம் லீவு என்னிக்கு? நாளைக்கு, ஆபீஸ் மட்டும்தான். லீவு நாள்ல கப்பலைக் காலி பண்றது யாரு? நர்மதா. நாமளே டின்னை எடுத்துக் குடுத்தா அய்யாத்துரை என்ன சொல்வார்? ஒளிச்சுவெச்சு நாளைக்கு எடுக்கப் பார்த்தாள்னு சொல்வார். எங்க இருக்குன்னு சொன்னா போதாது. எப்படிப் போச்சுன்னு காட்டணும்."

பென்னி கூண்டுக்குள் எட்டிப் பார்த்தான். அவன் தகப்பனார் பக்கம் திரும்பினான். "நைனா! டின்ன நீயா தூக்கின?"

"டின்னா? நான் இன்னாத்த கண்டேன்?" என்றார் இக்னேஷியஸ். "லோடு தூக்கினேன், போட்டேன்."

"கண்ணு முன்னாடி மேசைலேர்ந்து தூக்கிகிற. பாக்கலியா?"

பெரியவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "டேய்! லோடைப் பாக்குறவன் கிரேன் டிரைவரே இல்லடா. கப்பல் வயித்துக்குள்ள எறங்கற லோடு, மேல குந்திகினு கீறவனுக்கு எங்க தெரியும்? கீழ நிக்கிற சிக்னல்காரன் கையத்தான் பாக்கணும். கை எறக்குன்னா எறக்கணும். கை புடின்னா புடிக்கணும். மூஞ்சக்கூட பாக்கக் கூடாது. கண்ண வேற எங்கனா வுட்டா கீழ கீறவன் காலி. முப்பத்தி நாலு வருசம் என் லோடுல ஒருத்தனுக்கு ஒரு கீறல் கெடையாது, தெரிஞ்சுக்கோ."

"சரி, இங்க யாரு உனக்கு சிக்னல் குட்த்தா?"

"ஒருத்தன் குட்த்தான். முதுகுதான் தெரிஞ்சுது. ஆனா இன்னா சிக்னல் தெரியுமா! நம்ப பழைய துறைமுகத்து ஆளுதான், சத்தியம் பண்றேன். கொஞ்சம்கூட பிசிறில்ல. இந்தக் காலத்துல எவன் அப்டி குடுக்குறான்?" இக்னேஷியஸின் கண் கலங்கியது போலிருந்தது. ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு வருடம் கழித்து அவருக்கு ஒரு சரியான கை கிடைத்திருக்கிறது.

"எப்படிக் குடுத்தான் மாமா?" என்றாள் ஆலிஸ்.

அவர் செய்து காட்டினார். பென்னி அதற்குள் நாலு படி இறங்கிவிட்டான். "புரிஞ்சுபோச்சு அண்ணி! துறைமுகத்துல வேல பாத்த எவனோ ஒருத்தன், நைனாவ வெச்சே திருடிகிறான்! அவனப் புட்ச்சு இஸ்துகினு வரேன்!"

ஆலிஸ் மாமனாரின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஏதோ ஒன்று மாறியது. "போ, தேடு" என்றாள். "நல்லாத் தேடு பென்னி."

பென்னி தேடினான். அப்படித் தேடினான்! கூடத்தில் இருந்த ஆண்களை ஒவ்வொருவராக மடக்கி, "ஐயா, நீங்க துறைமுகத்துல இருந்தீங்களா?" என்று விசாரித்தான். ஒருவர் ரயில்வே. ஒருவர் மாவு மில். மூன்றாமவரிடம் "ஒரு தபா கையத் தூக்கிக் காட்டுங்க" என்றபோது, அவர் தோள்பட்டை வலி என்று கால் மணி நேரம் வைத்திய வரலாறு சொன்னார். கண்ணாடி வளைவில் ஒரு ஆள் இவன் மாதிரியே கையை வீசிக்கொண்டு நின்றான். சந்தேகப்பட்டு நாலு எட்டு கிட்டே போனபிறகுதான், எதிரில் இருப்பது முகம் பார்க்கும் கண்ணாடி என்று தெரிந்தது.

ஐந்து இருபது. வெறுங்கையோடு திரும்பியபோது ஆலிஸ் எல்லோரையும் உருண்டை அருகே கூட்டி நிறுத்தியிருந்தாள். மேசை பழைய இடத்திலேயே இருந்தது. அதன்மேல் கேன்டீனிலிருந்து வாங்கிய காலி முறுக்கு டின். பக்கத்தில் அய்யாத்துரையின் சொந்த ஸ்டேப்ளர்.

"கெடைக்கல அண்ணி" என்றான் பென்னி. நர்மதாவின் முகத்தைப் பார்க்க அவனுக்குத் துணிவில்லை.

"பரவால்ல. இவங்க எல்லாம் ரொம்ப டென்ஷனா இருக்காங்க. அந்தப் பருந்து கதையை ஒருதரம் சொல்லு."

"இப்பவா?"

"இப்பதான். அதே இடத்துல நில்லு. கம்பியோரமா. எங்களைப் பார்த்துச் சொல்லு."

அண்ணி பைத்தியக்காரி இல்லை என்பது அவனுக்குத் தெரியும். நின்றான். ஆரம்பிக்கும்போது குரல் கம்மியது. ஆனால் பருந்து இடது பக்கத்திலிருந்து புறப்பட்டதும் கையும் புறப்பட்டது, கை புறப்பட்டதும் குரலும் கூடவே கிளம்பியது. கதை ஓடத் தொடங்கியது. பருந்து வட்டமிட்டு இறங்கியது. ஜூடி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அட, சிறுசுக்குப் பிடித்திருக்கிறது! 'கப்'பென்று பிடித்தான். மங்கம்மா வெற்றிலை மெல்வதை நிறுத்திவிட்டார். மேலே தூக்கினான். அய்யாத்துரையின் கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியது. இப்படி ஒரு கூட்டம் இந்தக் கதைக்கு இதுவரை வாய்த்ததில்லை. பென்னி உற்சாகம் தாங்காமல் வலது கையை ஓங்கி நீட்டி, ஐஸ் பெட்டிக்கு மேல் கொண்டுவந்து, முஷ்டியை விரித்தான்.

பின்னாலே 'டணார்.'

பென்னி திரும்பிப் பார்த்தான். மேசை காலி. கிரேனின் காந்தம் கப்பலுக்கு மேலே லேசாக ஆடிக்கொண்டிருந்தது. கூண்டிலிருந்து இக்னேஷியஸ் பெருமை பொங்கக் கூவினார். "இவன்தாம்மா! இதே முதுகு! இதே கை! யாரும்மா அது?"

"உங்க புள்ளைதான் மாமா" என்றாள் ஆலிஸ்.

கூடம் வெடித்துச் சிரித்தது. பென்னிக்குத் தரை பிளந்து உள்வாங்கிக்கொண்டால் தேவலை என்றிருந்தது. தேடித் தேடி அலைந்த அந்தப் பழைய துறைமுகத்து ஆள், அந்தப் பலே திருடனின் கூட்டாளி, அவனேதான்!

"என் ஸ்டேப்ளர்" என்று முனகினார் அய்யாத்துரை.

ஆலிஸ் நடந்ததைச் சுருக்கமாக விளக்கினாள். "குழந்தைங்க கிரேன் ஓட்டினா காந்தத்தைப் பார்த்து ஓட்டும். மேசைப் பக்கம் கொண்டுபோகாது. லோடையே பார்க்காம கையை மட்டும் பார்த்து ஓட்டறவர் இங்க ஒருத்தர்தான். இங்க யாரும் திருடலை. ஆமா சார், கிரேன் எட்டற தூரத்துல இந்த மேசையைப் போடச் சொன்னது யாரு?"

அய்யாத்துரை கண்ணாடியைத் துடைத்தார். "நான்தான்" என்றார். ஆனாலும் மேலாளர் அல்லவா? "அதெல்லாம் சரி. ஆனால் மேசையை விட்டு எழுந்து போனது நர்மதாதானே? பொறுப்பு என்று ஒன்று இருக்கிறதே."

சிரிப்பு நின்றுவிட்டது. நர்மதா தலையைக் குனிந்துகொண்டாள். ஆலிஸ் பென்னியைப் பார்த்தாள். இனி அவன் பேச்சு, அவன் பாடு.

பென்னி ஒரு அடி முன்னால் வந்தான். சொன்னால் இந்தப் பெண் இனி தன்னை ஏறெடுத்தும் பார்க்கமாட்டாள் என்று அவனுக்கு நிச்சயமாகத் தோன்றியது. ஆனாலும் சொன்னான்.

"சார், அவுங்க எழுந்து வரல. நான்தான் கூப்டேன். மூணு தபா கூப்டேன். ரெண்டு தபா மேசைய வுட்டு வரக்கூடாதுன்னு சொன்னாங்க. நான்தான் வுடல. மூணு ஞாயித்துக்கிழமையா நான் இங்க வர்றது சயின்ஸுக்காக இல்ல சார். வேலைல கீறவங்கள வேல செய்ய வுடாம பேஜார் பண்ணது நானு. புகார் குடுக்கணும்னா என் பேர எழுதுங்க."

மங்கம்மாதான் முதலில் வாயைத் திறந்தார். "இன்னா சார் புகாரு? நகை இங்கியே கீதுன்றாங்க. அந்தப் பொண்ணு மேல நானும் சந்தேகப்பட்டேன், என் வாயில மண்ணப் போட." நர்மதாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "மன்ச்சுக்கோ தாயி. புதன்கெழம நிச்சயத்துக்கு நீ வந்தாதான் எனக்கு மனசு ஆறும்." பிறகு அய்யாத்துரை பக்கம் திரும்பினார். "நாளைக்கு இந்தப் பொண்ணுக்கு ஆர்டரு போடலைன்னு வெச்சுக்கோ, நானே இங்க வந்து குந்திப்பேன்."

மங்கம்மா தினமும் இங்கே வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று அய்யாத்துரை ஒரு கணம் யோசித்தார். "நாளைக் காலை பத்து மணிக்குக் கையெழுத்தாகும்" என்றார். "ஆனால் இந்தத் தம்பி கிரேனுக்குப் பத்தடிக்குள் வந்தால் இரண்டு கையையும் சட்டைப் பைக்குள் வைத்திருக்க வேண்டும்."

டின்னை எடுக்க வேண்டியிருந்தது. "பின்கதவ தொறந்தா துருவெல்லாம் கொட்டும். போட்ட வழியாவே எடுத்துத் தரேன். ஆனா சிக்னல் இல்லாம தூக்கமாட்டேன்" என்று அடம்பிடித்தார் இக்னேஷியஸ். பென்னியைத் தவிர வேறு யாராவது என்று அய்யாத்துரை கெஞ்ச, நர்மதா கப்பலின் பக்கவாட்டு ஏணியில் ஏறினாள். பெரியவர் கூண்டிலிருந்தே கற்றுக்கொடுத்தார். விரல் கீழே சுழன்றால் எறக்கு. முஷ்டி என்றால் புடி. விரல் மேலே சுழன்றால் ஏத்து. இயற்பியல் படித்த பெண், இரண்டு நிமிடத்தில் பிடித்துக்கொண்டாள். நீல டின் ஆடி அசைந்து வெளியே வந்தது. மங்கம்மா திறந்து பார்த்தார். ஆரம், நாலு வளையல், எல்லாம் இருந்தன. அப்போதுதான் நர்மதாவுக்கு அழுகை வந்தது. முக்கால் மணி நேரமாக உள்ளே வைத்திருந்ததை எல்லாம் ஏணியில் நின்றபடியே அழுது தீர்த்தாள்.

வெளியே ஷேர் ஆட்டோ உறுமிக்கொண்டு நின்றது. ஜூடியும் ஆலிஸும் ஏறிவிட்டார்கள். பென்னி செருப்பு நுனியைப் பார்த்தபடி ஓரமாக நின்றான்.

"ஒரே நாள்ல கேஸும் முடிச்சாச்சு, குற்றவாளியும் நம்ம வூட்டு ஆளுங்க" என்றாள் ஆலிஸ். "ரிப்போர்ட்டை நீயே எழுது பென்னி. குற்றவாளி பேரை அடிக்கோடு போட்டு எழுது."

"போதும் அண்ணி."

"டேய்" என்றார் இக்னேஷியஸ். அவர் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தப் பொண்ணு சிக்னல் குட்த்துகினு நிக்கிது."

"யாருக்கு?"

"எனக்கா குடுக்கும்? விரல மேல சுத்துது. ஏத்துன்னு அர்த்தம். தலைய ஏத்துடா."

பென்னி தலையைத் தூக்கினான். வாசல் படியில் நர்மதா நின்றிருந்தாள். கண் இன்னும் சிவந்துதான் இருந்தது. சுழன்ற விரல் நின்றது. உள்ளங்கை திரும்பி இரண்டு முறை மடங்கியது.

"இது இன்னா சிக்னல் நைனா?"

"இதுக்குமா துறைமுகத்துல வேல பாக்கணும்? போடா!"

போனான். ஐந்தடி தள்ளியே நின்றுகொண்டான். மன்னிப்பு கேட்க வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"ரெண்டு தடவை கேட்டாச்சு, ரெண்டு தடவையும் பாதிலயே நின்னுபோச்சு. அந்த டோப்பா கடைசில கிடைச்சுதா இல்லையா?"

பென்னியின் கைகள் தாமாக எழுந்தன.

"ம்ஹூம். கையைக் கட்டிக்கிட்டு" என்றாள் நர்மதா.

பென்னி ஒருமுறை ஷேர் ஆட்டோவைப் பார்த்தான், ஒருமுறை வாசல் வழியே தெரிந்த கிரேனைப் பார்த்தான். இரண்டு கையையும் மார்போடு இறுக்கிக் கட்டிக்கொண்டான். அப்புறம், கல்மண்டபத்தில் யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள், கதையைக் கடைசி வரை சொல்லி முடித்தான்.